அடிக்காத மணியின் ஓசை
டிக்கன்ஸின் ஒரு கதையும் நமது இலக்கியத்தின் மௌனமும்

சில கதைகளை எல்லோரும் ஒரே விதமாகப் படித்துப் பழகிவிடுகிறார்கள். அதுவே அக்கதைகளுக்கு நேரும் பெருந்தீங்கு. ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1866 ஆம் ஆண்டு எழுதிய ‘சிக்னல்காரன்’ என்ற சிறுகதை இவ்வகையினது. கிறிஸ்மஸ் இரவில் கணப்பருகே அமர்ந்து படித்து நடுங்குவதற்கான பேய்க்கதை என்றே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அது அறிமுகப்படுத்தப்பட்டு வருகிறது. பல்கலைக்கழக நாட்களில் நாமும் அவ்வாறே அதைப் படித்தோம். பின்னர் வகுப்பறையில் அவ்வாறே கூறியும் வந்தோம். அது பேயின் கதையன்று, வேலையின் கதை என்பதை நமக்கு உணர்த்தியவர் எந்த விமர்சகரும் அல்லர். நம்மிடம் கற்ற மாணவன் ஒருவனே அதை உணர்த்தினான்.

அட்டனை அண்டிய தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் அவன். தாயும் பாட்டியும் கொழுந்து பறித்தவர்கள். உயர்தரத்திற் கணிதம் கற்று, பட்டம் பெற்று, கொழும்பிலுள்ள ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் கணினிப் பிரிவிற் சேர்ந்தான். லொறிகளும் வான்களும் எங்கே நிற்கின்றன, எப்போது புறப்படும், எவருடைய பொருள் எங்கே தங்கிவிட்டது என்பனவற்றையெல்லாம் திரையிற் காட்டும் இயந்திரத்தை இரவுபகலாக ஓயாது ஓடவைப்பது அப்பிரிவின் கடமை. மூன்றாம் ஆண்டில் அவன் வேலையை விட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பி வந்தான். ஊரார் திகைத்தனர். நம்மைக் காண வந்தபோது அவன் சொன்னது இவ்வளவே: “சேர், போன் அடிக்காத நேரத்துலயும் அடிக்கிற மாதிரியே கேக்குது.”

அவனுடைய பாட்டி கேட்ட கேள்வியையும் அவனே கூறினான். “அட்டைக் கடியிலயும் மழையிலயும் நின்னு கொழுந்து பறிச்சோம். நாக்காலியில ஒக்காந்திருந்த ஒனக்கு என்னப்பா களைப்பு?” அவனிடம் இதற்கு விடை இருக்கவில்லை. நம்மிடமும் இருக்கவில்லை. இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, “இந்த வேலைக்கு ஏங்கி நிற்பவர் எத்தனை பேர், சற்றுப் பொறுத்திருக்கலாமே” என்று அறிவுரை கூறி அனுப்பினோம். அன்றிரவுதான் டிக்கன்ஸின் கதையை மீண்டும் எடுத்தோம்.

கதை மிக எளியது. ஆழமான பாறைப் பள்ளத்தில், சுரங்கப் பாதையின் வாயிலருகே, ஈரமும் இருளும் சூழ்ந்த சிறு குடிலொன்றில் ஒருவன் காவல் இருக்கிறான். கைகாட்டியை மாற்றுவது, விளக்குகளைக் கவனிப்பது, தந்தி மணி ஒலித்தால் மறுமொழி கொடுப்பது ஆகியவையே அவனுடைய பணி. உடலுழைப்பென்று சொல்லத்தக்கது மிகக் குறைவு என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அவனிடம் வேண்டப்படுவன பிசகாமையும் விழிப்புமே. அவன் கல்வியறிவற்றவன் அல்லன். இளமையில் விஞ்ஞானம் பயின்றவன். அக்குடிலில் இருந்தபடியே ஒரு மொழியைத் தானாகக் கற்க முயன்றவன்.

இவனுக்கு மணியோசை கேட்கிறது. வழிப்போக்கனாக வந்து உரையாடும் கதைசொல்லியோ மணி அசையவேயில்லை என்பதைக் காண்கிறான். சுரங்க வாயிலில் ஓர் உருவம் தோன்றி எச்சரிப்பதாகவும், அது முன்னர் தோன்றிய இருமுறையும் சாவு நிகழ்ந்ததாகவும், இப்போது மீண்டும் தோன்றுவதாகவும் காவலன் கூறுகிறான். அவனை வாட்டுவது அந்த உருவம் மட்டுமன்று. ஆபத்து என்று தந்தி அடித்தால், எங்கே, என்ன ஆபத்து என்று கேட்பார்கள். தெரியாது என்றால் வேலையிலிருந்து நீக்குவார்கள். அடிக்காவிடிலோ உயிர்கள் போகும். உயிர்களுக்குப் பொறுப்பு அவனுடையது. ஒரு வண்டியை நிறுத்திவைக்கும் உரிமையோ அவனுடையதன்று. கதையின் உயிர்நிலை இதுதான் என்பது நமது துணிபு.

டிக்கன்ஸ் இதனை வெறுங்கற்பனையிற் கண்டாரில்லை. 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் நிகழ்ந்த புகையிரத விபத்தில் அவர் உயிர் தப்பியவர். காயமுற்றோருக்குத் தம் கையால் உதவியவர். அதற்கு நான்கு ஆண்டுகளின் முன், 1861 ஆகஸ்ட் 25 அன்று, பிரைட்டனுக்கு அருகிலுள்ள கிளேட்டன் சுரங்கத்தில் இரு வண்டிகள் மோதி 23 பேர் மாண்டனர். 176 பேர் காயமுற்றனர். அன்று அங்கே கடமையிலிருந்த சிக்னல்காரர் ஒரு முழுநாள் ஓய்வைப் பெறுவதற்காகத் தொடர்ச்சியாக 24 மணிநேரக் கடமையை ஏற்றிருந்தார். விதிப்படி அவருக்குரிய கடமை நேரமே 18 மணி! அக்கால வாசகர் இவற்றை அறிந்திருந்தனர். கதையில் வரும் ஆவிக்குப் பின்னால் ஒரு கடமைப் பட்டியல் தொங்குகிறது. அப்பட்டியலை அகற்றிவிட்டு ஆவியை மட்டும் நமக்குக் காட்டியவர்கள் பின்வந்த விமர்சகர்களே.

இனி நம் மாணவனிடம் திரும்புவோம். அவனுடைய கைத்தொலைபேசிதான் அந்தத் தந்தி மணி. நள்ளிரவில் இயந்திரம் நின்றால் அழைக்கப்படுபவன் அவன். எந்த நாளில் எந்த வசதி தயாராகும் என்று வாடிக்கையாளருக்கு வாக்களிப்பவர் வேறொருவர். அவ்வாக்குப் பொய்த்தால் விடை கூறவேண்டியவன் அவன். நாள்தோறும் காலையில் அப்பிரிவினர் நின்றபடியே கூடி, நேற்று முடித்தது என்ன, இன்று முடிக்கப்போவது என்ன என்று ஒவ்வொருவராக ஒப்புவிக்க வேண்டுமாம். அவன் அதை விவரித்தபோது, தோட்டத்துப் பிரட்டுக்களமே நம் கண்முன் தோன்றியது. மாலையில் முடித்த வேலைகளின் எண்ணிக்கை திரையில் ஏறும். எண்ணிக்கை குறைந்தால் முகங்கள் மாறும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் கணக்கின் மறுபிறவியன்றி இது வேறென்ன? தப்போசைக்குக் கூட விடியற்காலை என்றொரு வரையறை இருந்தது. இந்த மணிக்கு அதுவும் இல்லை.

உலக சுகாதார அமைப்பு 2019 இல் இத்தகைய சோர்வை வரையறுத்தபோது, அதை ஒரு நோயாக வகைப்படுத்தாமல், சரிவரக் கையாளப்படாத நெடுநாள் வேலை நெருக்கடியிலிருந்து பிறக்கும் தொழில்சார் நிகழ்வு என்றே குறித்தது. ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், தன் திறமையில் நம்பிக்கை குன்றுதல் என்பன அதன் மூன்று கூறுகள். கோளாறு தொழிலாளியின் மனத்திற் பிறக்கவில்லை, வேலையின் அமைப்பிற் பிறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறவியலாது.

டிக்கன்ஸின் எல்லையும் இவ்விடத்திற்றான் புலப்படுகிறது. காவலனின் வேதனையைக் கேட்ட கதைசொல்லி நல்லவன், இரக்கமுள்ளவன். ஆனால் அவன் காணும் பரிகாரம் யாது? காவலனின் மனத்தை அமைதிப்படுத்துவது. பின்னர் தேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்வது. இந்தக் கடமை நேரத்தை வகுத்தவர் யார், இத்தனை உயிர்களுக்கு ஏன் ஒருவனே காவல் என்ற கேள்விகள் அவன் நாவில் எழவேயில்லை. மறுநாள் அவன் வரும்போது காவலன் இயந்திரத்தில் அடிபட்டு இறந்து கிடக்கிறான். நம் மாணவனின் நிறுவனத்தாரும் மன அமைதிக்கென ஒரு வகுப்பு நடத்தினார்களாம். அவ்வகுப்பின் நடுவிலும் அவனுடைய தொலைபேசி அழைத்ததாம்!

கதையின் காவலன் தனியன். இலங்கைப் புகையிரதத் தொழிலாளர் அப்படித் தனியராக நிற்கவில்லை. 1912 இலும், கொழும்புப் பொதுவேலைநிறுத்தம் மூண்ட 1923 இலும் அவர்கள் கூடி எழுந்தனர். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் அரசாங்க ஊழியர் ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தமையும் நம் வரலாறே. தோல்வியிலும் அவர்களுடைய துயருக்கு ஒரு பொதுப்பெயர் இருந்தது. திரைமுன் அமர்ந்திருக்கும் இன்றைய இளைஞனோ தன் துயரைத் தன் குறை என்றே எண்ணிக்கொண்டு ஊர் திரும்புகிறான்.

இதில் இலக்கியத்தின் பங்கு யாது? புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ முதல் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ வரையும், அதன் பின்னரும், தேயிலைத் தோட்டத் துயரம் எழுதப்பட்டே வந்துள்ளது. பசியையும் அவமானத்தையும் உடல் நோவையும் எழுதியவர்கள் செய்தது பெருந்தொண்டு. கூலிக்கான போராட்டம் ஓயாத மண்ணில் அந்த எழுத்தின் தேவை இன்றும் தீரவில்லை. எனினும் அதைப் படித்து வளர்ந்த நாம் ஒரு பிழையான சூத்திரத்தை வகுத்துக்கொண்டோம். வியர்வை சிந்தினால் உழைப்பு. நாற்காலியில் அமர்ந்தால் விடுதலை. “படித்தால் மலையை விட்டுப் போகலாம்” என்று வகுப்புத்தோறும் கூறிய ஆசிரியர்களாகிய நாமும் இச்சூத்திரத்திற்கு உடந்தையே. போன இடத்திலும் பிரட்டு உண்டு என்பதை நாம் சொல்லவில்லை.

பாட்டியின் துயரையும் பேரனின் துயரையும் தராசில் வைத்து எது கனமானது என்று பார்ப்பது வீண். பாட்டி சுமந்ததும் கூடையை மட்டுமா? மாலைக்குள் நிறை சேருமா, கணக்கப்பிள்ளை எவ்வளவு கழிப்பார், பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த குழந்தை அழுமா என்று நாள் முழுதும் விழித்திருந்த அவருடைய மனமும் உழைத்ததே! அந்த உழைப்பை நமது கதைகள் போதிய அளவு எழுதியிருப்பின், பேரனின் களைப்பு அவருக்கு அந்நியமாகத் தோன்றியிராது.

மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் பயணம் செய்தோர், நிலைய அதிபர் சாரதியிடம் வளையமொன்றைக் கைமாற்றுவதைக் கண்டிருப்பர். அதனுள் இருக்கும் தகடே அடுத்த நிலையம் வரை செல்வதற்கான அனுமதி. இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் 1874 இல் தந்திச் செய்தியொன்று பிசகியதால் ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே மோதி 25 பேர் மாண்டதையடுத்து, எட்வர்ட் டயர் என்பவர் இதற்கான கருவியை ஆக்கினார். வெளியே சென்ற தகடு ஒரு கருவிக்குள் மீளும் வரை மற்றொரு தகடு வெளியே வராது. மனிதன் களைப்பான், மறப்பான் என்பதை ஏற்றுக்கொண்டு, அவனைக் குறைகூறாமல் வேலையின் ஒழுங்கை மாற்றிய அறிவு அது. நம் மாணவனின் மேசையிலோ, முதல் தகடு மீளுமுன் பத்துத் தகடுகள் வந்து குவிந்தன.

அவன் இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். நாற்காலியில் இருந்தவனுக்கு என்ன களைப்பு என்ற கேள்வி இன்னும் அந்த லயத்தில் நிற்கிறது. அதற்கு விடை கூறும் கதையை எழுத மலையகத்தின் இளைய எழுத்தாளர் முன்வரவேண்டும். நமது கடமை அதனினும் சிறியது. அவனை அழைத்து, அன்று கூறிய அறிவுரை தவறு என்று சொல்லவேண்டும். பாட்டியையும் உடன் வைத்துக்கொண்டே சொல்லவேண்டும்.