கீழ்க் கரும்பலகையும் ‘ப’ வடிவமும்

2025 ஜூலையில் வகுப்பறை பெஞ்சுகளை ‘ப’ வடிவில் போடச் சொன்னது தமிழகப் பள்ளிக் கல்வித் துறை. கடைசி பெஞ்சே இருக்கக் கூடாது என்ற அந்த யோசனை, ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படத்தால் பிரபலமானது. ஓரத்துப் பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும், 20க்கு 20 அடி அறையில் நாற்பது பேருக்கு இடம் போதாது என்று எதிர்ப்பு எழ, சில நாட்களிலேயே உத்தரவை நிறுத்திவைத்தார்கள். குறைகள் நியாயமானவைதான். ஆனால் எனக்கு அவை இரண்டாம்பட்சம். நடுவில் நின்று ஆசிரியரே பேசிக்கொண்டிருக்கப் போகிறார் என்றால், பெஞ்சு எந்த எழுத்தின் வடிவில் கிடந்தால் என்ன?

இதற்கு முன்பே நம்மிடம் உருப்படியான ஒரு முயற்சி இருந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் சேலம், நாமக்கல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் வரை வந்துசேர்ந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் அடியில், உட்கார்ந்த பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை. அதில் ஆளுக்கொரு கட்டம். மேலே குறுக்கே கட்டிய கம்பியில் பிள்ளைகளின் படங்கள் தொங்கின. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணியில் தன் படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்து, ஆறு குழுக்களில் அதற்கான குழுவில் போய் உட்கார வேண்டியது பிள்ளையின் வேலை. அறையில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருந்தது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளிக்கு, பல வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் வாசிக்கத் திணறும் பிள்ளை அட்டையோடு தனியே விடப்பட்டால் அங்கேயே தேங்கும். ஆறு குழுவுக்கும் ஓடும் ஆசிரியருக்கு அது கண்ணில் படாமலும் போகும். முறை பின்னர் எளிமையாக்கப்பட்டது. இருந்தாலும் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைப் பிரிவுகளில் அதன் சாயல் தெரிகிறது.

“நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகள் வரிசை பெஞ்சை வைத்துக்கொண்டுதானே மார்க் வாங்கிக் கொடுத்தன?” என்று கேட்கலாம். வாங்கிக் கொடுத்தன. வரிசை, தினத் தேர்வு, கண்காணிப்போடு படிப்பு நேரம் என்று அவர்களும் தங்கள் நோக்கத்துக்கேற்ற இடத்தைத்தான் அமைத்தார்கள். அதற்கான விலை, பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ நடத்தியது. அதைத் தடுக்க அரசு 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டியிருந்தது. தேர்வு கேட்பதையே வகுப்பறை கொடுக்கும். பெஞ்சைத் திருப்பிப் போட்டு அதை மாற்றிவிட முடியாது. இப்போது தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை வருகிறது. திரை மாட்டியதும் எல்லாக் கண்களும் மறுபடி ஒரே சுவரைப் பார்க்கின்றன. அந்தச் செலவோடு செலவாக, எதிர்ச் சுவரின் கீழ்ப் பலகைக்கும் ஒரு கை கறுப்பு வண்ணம் அடித்துக் கொடுக்கலாம்.