நாவலிலிருந்து விதிநூலுக்கு

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பிராண்டன் சாண்டர்சன் என்னும் அமெரிக்க நாவலாசிரியர் படைத்த காஸ்மியர் என்ற கற்பனைப் பிரபஞ்சத்தைக் களமாகக் கொண்டு ஒரு மேசை விளையாட்டை வெளியிடப் போவதாகவும், அதற்கு வேண்டிய மூலதனத்தை வாசகர்களே முன்பணமாகத் தந்து உதவ வேண்டுமென்றும், ப்ரதர்வைஸ் கேம்ஸ் என்ற நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வேண்டுகோள் விடுத்தபோது, ஏறக்குறைய 55,000 பேர் சேர்ந்து 1 கோடியே 51 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையை அளித்தார்கள். அத்தளத்தில் மேசை விளையாட்டுகளுக்கென்று அதுவரை திரண்ட நிதிகளுள் முதலிடம் பெற்றிருந்தது 2020இன் ஃப்ராஸ்ட்ஹேவன். அதன் தொகை சுமார் 1 கோடியே 30 இலட்சம். படித்து முடித்த உலகத்துக்குள் தாமும் ஒரு பாத்திரமாகப் பிரவேசிக்க வேண்டும் என்ற ஆசைக்கு இத்தனை வலிமை உண்டென்றால், அந்த ஆசை எவ்விதம் நிறைவேறுகிறது, எங்கே வழிதவறுகிறது என்று ஆராய்வது இலக்கியத்தில் அக்கறை உள்ளவர்கள் செய்யவேண்டிய காரியமே.

இவ்விளையாட்டின் இயல்பை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். அவர்களுள் ஒருவர் சூத்திரதாரியாகி, இடத்தையும் காலத்தையும் எதிர்ப்படும் மனிதர்களையும் மிருகங்களையும் வருணிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் இன்னது பேசும், இன்னது செய்யும் என்று வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். ஒரு செய்கை பலிக்குமா பலிக்காதா என்ற ஐயம் எழும் இடங்களில் பகடை தீர்ப்பளிக்கிறது. முன்கூட்டி எழுதிய வசனம் கிடையாது. வேடிக்கை பார்ப்பவர் கிடையாது. கதை எங்கே போய் முடியும் என்பது சூத்திரதாரிக்கும் தெரியாது.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974இல் வெளியிட்ட டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகையின் ஆதி நூல். அது எந்த ஒரு நாவலின் தழுவலுமன்று என்றாலும், நாவல்களுக்கு அது பட்ட கடன் பெரிது. ஜாக் வான்ஸ் 1950இல் எழுதிய மரிக்கும் பூமியின் கதைகளில், மந்திரவாதி ஒருவன் மந்திரத்தை வருந்தி மனனம் செய்து வைத்திருந்து, உச்சரித்த மாத்திரத்தில் அது அவன் நினைவிலிருந்து அழிந்துபோகக் காண்கிறோம். இந்தச் சிறு கற்பனையை எடுத்து, மந்திரவாதி ஒரு நாளைக்கு இத்தனை மந்திரங்களையே நெஞ்சில் தாங்கலாம் என்ற விதியாகக் கைகாக்ஸ் மாற்றினார். அவ்விதி இருப்பதனால் ஆடுபவர் காலையிலேயே அன்றைய அபாயங்களை ஊகித்துத் தம் மந்திரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியவராகிறார். வான்ஸின் மந்திரவாதிக்கு இருந்த கவலை அவருக்கும் வந்துவிடுகிறது. டோல்கீனிடமிருந்து எடுத்துக்கொண்டவையோ பெரும்பாலும் பெயர்களும் உருவங்களும்தாம்; உரிமையாளர்கள் ஆட்சேபித்தவுடன் ஹாபிட் என்ற பெயர் ஹாஃப்லிங் என்று மாறியது, ஆட்டத்தில் எதுவும் குறையவில்லை. வான்ஸின் விதியை அப்படி எடுத்துவிட்டிருந்தால் ஆட்டமே வேறாகியிருக்கும். தழுவல் என்ற கலையில் எது உயிர், எது ஆடை என்பதை அளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

ஏனெனில் நாவலுக்கும் இவ்விளையாட்டுக்கும் இடையே அடிப்படையிலேயே ஒரு பகை இருக்கிறது. நாவல் முடிந்துபோன ஒன்று. அதன் நாயகன் பெற்ற வெற்றியும் அடைந்த துயரமும் இனி மாறமாட்டா. விளையாட்டோ முடியாத ஒன்று. ஆடுபவரின் தீர்மானத்துக்கு மதிப்பு இல்லையென்றால் அது விளையாட்டே ஆகாது. பழைய கதையையே மீண்டும் நடத்தினால் ஆடுபவர்கள் பொம்மைகளாகிவிடுகிறார்கள். கதையை விட்டு விலகினாலோ, எந்த உலகத்தை நாடி வந்தார்களோ அது கையிலிருந்து நழுவிப்போகிறது. இந்தச் சங்கடத்துக்குப் பலரும் கண்ட சுலபமான பரிகாரம், உலகத்தின் பூகோளத்தையும் வமிச வரலாறுகளையும் ஆயுதங்களையும் ஐயந்திரிபறத் தொகுத்துக் கொடுத்துவிட்டு, ஆட்டத்தின் விதிகளை வேறெங்கிருந்தோ கொண்டுவந்து பொருத்துவது. அயர்ன் கிரவுன் எண்டர்பிரைசஸ் 1984இல் வெளியிட்ட மிடில்-எர்த் ரோல் ப்ளேயிங் அவ்வகையில் தலைசிறந்தது. பீட் ஃபென்லன் வரைந்த அதன் நிலப்படங்களை இன்றும் ரசிகர்கள் போற்றுகிறார்கள்; போற்றத் தக்கவையே. ஆனால் விதிகள் அந்நிறுவனத்தின் ரோல்மாஸ்டர் என்னும் முந்தைய விளையாட்டிலிருந்து சுருக்கி எடுக்கப்பட்டவை. எந்த எலும்பு முறிந்தது, எத்தனை சுற்றுக்கு மூர்ச்சை நீடிக்கும் என்று அட்டவணை அட்டவணையாகச் சொல்லும் அந்நூலில், டோல்கீனின் மூன்று பாகங்களிலும் அரிதாக, அச்சத்தோடு எட்டிப் பார்க்கும் மந்திரம், சாதாரண வழிப்போக்கனுக்கும் பட்டியல் பட்டியலாகக் கிடைத்தது. வீல் ஆஃப் டைம் நாவல்களைத் தழுவி 2001இல் வெளிவந்த விளையாட்டைப் பற்றியும் இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

மறுவழியைத் திறந்து காட்டியவர் சாண்டி பீட்டர்சன். லவ்கிராஃப்டின் பீதிக் கதைகளை ஆதாரமாகக் கொண்டு கேயாசியம் நிறுவனத்துக்காக 1981இல் அவர் அமைத்த கால் ஆஃப் கதுலுவில், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உடல்வலிமையோடு சித்தத்தெளிவு என்றொரு கணக்கும் உண்டு. காணத்தகாததைக் காணும்போதெல்லாம் பகடை உருட்டப்பட்டு அக்கணக்கிலிருந்து புள்ளிகள் கழிகின்றன. இதுவரை பலரும் அறிந்தது. இதன் உள்ளே இருக்கும் மற்றொரு விதியைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன்: அக்கதைகளில் வரும் ஆதி தெய்வங்களைப் பற்றிய ஞானமும் ஒரு திறமையாகப் பாத்திரத்தின் தாளில் எழுதப்படுகிறது, அந்த ஞானம் எத்தனை புள்ளி உயர்கிறதோ, சித்தத்தெளிவு அடையக்கூடிய உச்சவரம்பு அத்தனை புள்ளி தாழ்ந்துவிடுகிறது, இழந்ததை எந்த வைத்தியத்தாலும் அவ்வரம்புக்கு மேல் மீட்க இயலாது. பாழடைந்த வீட்டின் நூலறையில் ஒரு பழஞ்சுவடி கிடைக்கிறது. படித்தால் எதிரியை வெல்லும் வழி தெரியும். படித்தவர் பழைய மனிதராக எழுந்திருக்கமாட்டார். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், யார் படிப்பது என்று. அறிவே அழிவு என்ற லவ்கிராஃப்டின் தரிசனத்தை, அவருடைய ஒரு வாக்கியத்தைக்கூட மேற்கோள் காட்டாமல், கூட்டல் கழித்தலால் நெஞ்சில் பதியவைத்த இச்செயலை நான் விமர்சனத்தின் உயர்ந்த வகைகளுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

அதே கூர்மை ஆம்பர் டைஸ்லெஸில் வேறு உருவத்தில் தோன்றுகிறது. ரோஜர் ஜெலாஸ்னியின் ஆம்பர் நாவல்கள், சிம்மாசனத்துக்காக ஒருவரையொருவர் வஞ்சிக்கும் உடன்பிறந்த ராஜகுமாரர்களின் கதை. 1991இல் அதை விளையாட்டாக்கிய எரிக் வூஜிக், பகடையை அடியோடு விலக்கினார். அதற்குப் பதிலாக, ஆட்டம் தொடங்குமுன் மனோபலம், உடல்பலம், சகிப்பாற்றல், போர்த்திறன் என்னும் நான்கு குணங்களையும் ஏலத்தில் விட்டார். ஒவ்வொருவர் கையிலும் 100 புள்ளி. அதிகம் கேட்டவர் அக்குணத்தில் முதல்வர். ஏலத்தில் சொன்ன புள்ளிகளைப் பின்னர் மீட்டுக்கொள்ள இயலாது. கதையின் முதல் வார்த்தை பேசப்படுவதற்கு முன்பே, அந்த நண்பர்கள் யார் தம்மை மிஞ்சினார், யாரைத் தாம் ஏமாற்றினோம் என்பதை அறிந்துவிடுகிறார்கள். உடன்பிறந்தாரின் பொறாமையை உரையால் விளக்காமல், ஏலக் களத்தில் அரைமணி நேரம் உட்காரவைத்து உண்டாக்கிவிடுகிறார் அவர்.

இத்துறையில் யாத்திரை எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஸ்டீவன் எரிக்சனும் இயன் எஸ்ஸில்மண்ட்டும் மலாசன் நாவல்களின் உலகத்தை 1980களில் தம் சொந்த மேசையாட்டத்துக்காகவே சிருஷ்டித்தார்கள். முதல் நாவல் 1999இல் தான் வந்தது. ரேமண்ட் ஃபீஸ்டின் மிட்கெமியாவும் நண்பர்கள் ஆடிய ஆட்டத்திலிருந்து பிறந்ததே. ட்ரெஸ்டன் ஃபைல்ஸ் நாவல்களைத் தழுவிய 2010இன் விளையாட்டு இன்னொரு விநோதம்: நாவல்களின் பாத்திரங்களே விதிநூலின் பக்க ஓரங்களில் கையெழுத்துக் குறிப்புகள் எழுதி வாதாடுகிறார்கள், ஆடுபவர்களோ முதல் நாளில் ஒன்றுகூடித் தாங்கள் ஆடப்போகும் நகரத்தைத் தாங்களே உருவாக்கிக்கொள்கிறார்கள்.

டோல்கீனுக்குச் செய்யவேண்டியிருந்த நியாயம் 2011இல் தான் செய்யப்பட்டது. இத்தாலியரான பிரான்செஸ்கோ நெபிடெல்லோ முதன்மையாக நின்று அமைத்த தி ஒன் ரிங், முதற்கண் காலத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே விவேகம் காட்டியது: ஹாபிட்டின் சாகசத்துக்கும் மோதிரப் போருக்கும் நடுவே, பெரிய கதை உறங்கும் ஆண்டுகள். அங்கே ஆடுபவரின் செய்கை எந்தப் புகழ்பெற்ற அத்தியாயத்தையும் கெடுப்பதில்லை, எதற்கும் எடுபிடியாகவும் நிற்பதில்லை. அவ்விளையாட்டின் பன்னிரண்டு முகப் பகடையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்று முதல் பத்து வரை எண்கள். ஒரு முகத்தில் நல்ல மந்திரவாதி காண்டால்ஃபின் முத்திரை. இன்னொரு முகத்தில் தீயோன் சௌரனின் கண். நம்பிக்கை, நிழல் என்று இரண்டு கணக்குகள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உண்டு. கொடியதைக் கண்டாலும், பொருளின்மேல் பேராசை வைத்தாலும், இழிசெயல் புரிந்தாலும் நிழல் வளர்கிறது. கடினமான தருணத்தில் கூடுதல் முயற்சி செய்ய நம்பிக்கை செலவாகிறது. பின்னர் வந்த இரண்டாம் பதிப்பின் விதிப்படி, வளரும் நிழல் தேயும் நம்பிக்கையை எட்டிய பின், பகடையில் அந்தக் கண் விழுந்தால், மற்ற எண்கள் எத்தனை பெரியவையாயினும் முயற்சி தோற்றது தோற்றதுதான். பிரயாணத்துக்கும் அந்நூல் தனி விதி வகுத்தது. வழிகாட்டி, முன்னோடி, காவலர், வேடர் என்று பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டு நடக்கிறார்கள், சாகசம் முடிந்ததும் ஒரு பாதுகாப்பான வீட்டில் தங்கி இளைப்பாறுவதும் ஆட்டத்தின் ஓர் அங்கமாகவே அமைகிறது. நடந்து களைத்தலும் அடுப்பருகே தேறுதலும் டோல்கீனிடம் எத்தனை பக்கங்களை நிரப்புகின்றன என்று எண்ணிப் பார்த்த ஒருவரால்தான் இதைச் செய்திருக்க முடியும்.

இதன் இரண்டாம் பதிப்பை ஸ்வீடன் தேசத்து ஃப்ரீ லீக் 2021இல் கூட்டுநிதி மூலமாகவே கொண்டுவந்தது. சுமார் 20 இலட்சம் டாலர் சேர்ந்தது. முன்கூட்டிக் கையொப்பம் வாங்கி நூல் அச்சிடுவது பழைய வழக்கம். அலெக்சாண்டர் போப்பின் இலியட் மொழிபெயர்ப்பு 1715 முதல் அவ்வாறே வெளிவந்தது. ஆயினும் 2009இல் கிக்ஸ்டார்ட்டர் தோன்றிய பிறகு இவ்வழக்கம் பெற்ற வேகம் வேறு, அது உண்டாக்கும் நிர்ப்பந்தமும் வேறு. குறித்த தொகை வந்ததும் நிதி திரட்டல் நின்றுவிடுவதில்லை. இன்னும் இவ்வளவு வந்தால் ஓர் உலோகப் பகடைத் தொகுதி, அதற்கும் மேல் வந்தால் இன்னொரு சாகச நூல், அப்புறம் துணி நிலப்படம், சிற்றுருவங்கள், தோல் அட்டைப் பதிப்பு என்று வாக்குறுதிகள் பெருகிக்கொண்டே போகின்றன. ஒவ்வொன்றும் எழுதப்பட வேண்டும், அச்சாக வேண்டும், எடை பார்த்துக் கடல் கடந்து அனுப்பப்பட வேண்டும். இந்த எடை ஒரு நிறுவனத்தையே அமிழ்த்திவிடக்கூடும் என்பதற்கு, நான் மேலே போற்றிய கால் ஆஃப் கதுலுவே சான்று. அதன் ஏழாம் பதிப்புக்கு 2013இல் 5,60,000 டாலருக்கு மேல் திரண்டது. இருந்தும் கேயாசியம் நொடித்துப்போகும் நிலையை அடைந்தது. 2015இல் அதன் ஸ்தாபகர் கிரெக் ஸ்டாஃபர்டும் சாண்டி பீட்டர்சனும் மீண்டும் வந்து பொறுப்பேற்க, புதிய நிர்வாகம் கைகொடுக்க, 2016இல் தான் நூல்கள் பணம் கொடுத்தவர்களிடம் போய்ச் சேர்ந்தன.

பணச் சிக்கலைவிட என் மனத்தை அதிகம் உறுத்துவது வேறொன்று. கூட்டுநிதி, நாவல்களின் மீது அபிமானம் மிகுந்தவர்களையே முதலில் அழைக்கிறது. அவர்கள் கண்ணுக்குப் படத்தில் காட்டக்கூடியது பெட்டியும் ஓவியமும் உருவமுமே. ஒரு நல்ல விதியைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. அதன் அருமை மூன்றாம் நாள் ஆட்டத்தில்தான் விளங்கும். ஆகவே உழைப்பு, விதியிலிருந்து பண்டத்தை நோக்கிச் சரிவதற்கான காரணம் இம்முறையின் உள்ளேயே இருக்கிறது.

காஸ்மியர் விளையாட்டை இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். சாண்டர்சனுக்கு இம்முறை புதிதன்று. 2022 மார்ச்சில் தம் நான்கு நாவல்களுக்காக 4 கோடியே 17 இலட்சம் டாலர் திரட்டியவர் அவர். காஸ்மியரில் நிகழும் அவருடைய ஸ்டார்ம்லைட் நாவல்களில், வீரர்களின் ஆற்றல் அவர்கள் எடுக்கும் பிரதிக்ஞைகளைப் பற்றி நிற்கிறது. சத்தியம் வளர வளர ஆற்றல் வளரும். சத்தியம் முறிந்தால், அவர்களோடு பிணைந்த ஸ்ப்ரென் என்னும் ஆவியுருவே மடியும். ஆதி விளையாட்டில் கவர்ந்துவந்த பொற்காசுகளின் மதிப்பே பாத்திரத்தை உயர்த்தும் அனுபவப் புள்ளியாகியது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். காஸ்மியர் விதிநூலில் பிரதிக்ஞை என்பது அனுபவப் புள்ளி சேர்த்து வாங்கும் பொருளாக இல்லை. ஆடுபவர் அதைத் தம் பாத்திரத்தின் குறிக்கோளாக வரித்துக்கொண்டு, நடந்தேறும் சம்பவங்களால் அதற்குத் தகுதி பெற்ற பின்பே, வாய்திறந்து சொல்லுகிறார். இருபது முகப் பகடையோடு சில தருணங்களில் உருளும் கதைப் பகடையும் நல்ல கருத்து: அதன் சில முகங்கள் எதிர்பாராத வாய்ப்பையும், சில முகங்கள் சிக்கலையும் தருகின்றன, சிக்கலைத் தரும் முகம் எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டியும் விடுவதால், வென்றவனே மாட்டிக்கொள்கிறான். இவ்விரண்டும் சாண்டர்சனை ஊன்றிப் படித்தவர்களின் வேலை. ஆனால் சண்டைக்கான விதிகளும் திறமைக் கிளைகளும் அந்நூலில் மிகுதி. ஒரு நாள் மாலை முழுவதையும் அவை விழுங்கிவிடக்கூடும், பிரதிக்ஞைக்கான மௌனமும் தயக்கமும் சூத்திரதாரியின் பொறுமையை நம்பியே இருக்கின்றன. நெபிடெல்லோவின் கண் பொறித்த பகடை, பொறுமையற்ற சூத்திரதாரியின் கையிலும் தன் வேலையைச் செய்துவிடும். அந்த அளவுக்கு, தி ஒன் ரிங்கையே நான் மேலான தழுவலாக வைக்கிறேன்.

காஸ்மியரின் வெளியீட்டாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: நிதி கேட்டபோதே விதிகளின் முன்னோட்டப் பிரதியை யாவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டார்கள். இனி ஒரு பிரியமான நாவல் விளையாட்டாகப் போகிறது என்று அறிவிப்பு வரும்போது, வாசகர்கள் பெட்டியின் படத்தை விட்டுவிட்டு அத்தகைய பிரதியைக் கேட்டு வாங்கி, நாலு நண்பர்களோடு ஒரு மாலை ஆடிப் பார்த்து, அந்த நாவல் தங்களுக்குத் தந்த வேதனையோ நம்பிக்கையோ மேசையில் எழுகிறதா என்று சோதித்த பிறகு பணத்தை அனுப்புவார்களாக.