பன்னிரண்டு வாரத் திட்டமும் நாஞ்சில் நாட்டு இருபூ வேளாண்மையும்

ஓராண்டு இலக்கைப் பன்னிரண்டு வாரங்களுக்குள் சுருக்கித் திட்டமிடும் முறையை, 2013இல் வெளிவந்த தங்கள் நூலின் வழியே பிரையன் மோரனும் மைக்கேல் லெனிங்டனும் பரவலாக்கினர். ஒன்று முதல் மூன்று இலக்குகளை மட்டும் எடுத்துக்கொள்வது, வாரந்தோறும் செய்ய வேண்டியதை எழுதி வைப்பது, செய்ததற்கு வார இறுதியில் மதிப்பெண் இடுவது, பதின்மூன்றாம் வாரத்தில் முழுவதையும் சீர்தூக்கிப் பார்ப்பது ஆகியவை இதன் கூறுகள். வாரப் பணிகளில் 85 விழுக்காடு முடிந்தாலே இலக்கு கைகூட வாய்ப்பு மிகுதி என்பது அவர்கள் கருத்து.

இம்முறையின் நிறைகுறைகளை எடைபோட நாஞ்சில் நாட்டு நெல் வேளாண்மை நல்ல களம். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டையும் பெறும், நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைகிறது. சித்திரை வாக்கில் தொடங்கும் கன்னிப்பூ ஆவணி, புரட்டாசியில் அறுவடையாகும். அதை அடுத்து நடப்படும் கும்பப்பூ மாசியோடு முடியும். அம்பை 16 என்னும் நெல் ரகம் விளைய ஏறத்தாழ 110 நாள். திருப்பதிசாரம் 3 ரகத்துக்கு 135 நாளுக்கு மேல்.

குறுகிய சுழற்சியின் முதல் நன்மை, முடிவுநாள் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருப்பது. நாற்று நடுவதைப் பத்து நாள் தள்ளினால் அதன் விளைவு அந்தப் பூவிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது நன்மை, விரைவான திருத்தம். கன்னிப்பூவில் ஒரு ரகம் சாய்ந்துபோனால் கும்பப்பூவில் வேறு ரகம் விதைக்கலாம். ஆண்டு முழுவதற்கும் ஒரே திட்டம் வகுப்பவருக்கு இந்த மறுவாய்ப்பு இல்லை. தட்டச்சுத் தேர்வு, ஓட்டப் பயிற்சி, கடன் அடைப்பு எனப் பணியையும் பலனையும் எண்ணிப் பார்க்கக்கூடிய இலக்குகளுக்கு இம்முறை நன்றாகப் பொருந்தும்.

ஆனால், உழவரைக் காலம் தவறாமல் நடத்துவது தனிமனித உறுதி மட்டுமன்று. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறக்கப்படுகிறது. பக்கத்து வயலில் நடவு முடிகிறது. அறுவடை இயந்திரம் ஊருக்கு வரும் நாளும் காத்திருக்காது. தனியொருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் கெடுவுக்கு இத்தகைய பிணைப்பு இல்லை என்பது இம்முறையின் முதல் குறை. வாரந்தோறும் சிலர் கூடிக் கணக்குச் சொல்லும் ஏற்பாட்டை அந்த நூலும் பரிந்துரைக்கிறது. அதை விட்டுவிட்டு மதிப்பெண் அட்டவணையை மட்டும் பின்பற்றுவோரின் திட்டம் சில வாரங்களிலேயே தளரக்கூடும்.

இரண்டாவது குறை, மெல்ல முதிரும் இலக்குகளை இம்முறையால் அளக்க இயலாமை. இதே மாவட்டத்தின் மேற்கில் ரப்பர் மரம் பால் வெட்டத் தயாராக ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை எந்தப் பருவத்தின் கணக்கிலும் வரவு இராது. இசைப் பயிற்சி, ஆராய்ச்சி, பிள்ளை வளர்ப்பு ஆகியவையும் அத்தகையவை. பன்னிரண்டு வார மதிப்பெண்ணுக்காக உழைப்பவர் எண்ணக்கூடியதைச் செய்து, எண்ண முடியாததைக் கைவிடும் ஆபத்து உண்டு.

மூன்றாவது குறையே பெரிது. நாஞ்சில் நாட்டு வயல்கள் பல வாழைத் தோட்டங்களாகவும் தென்னந்தோப்புகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. கூலி, உரம், நெல்விலை ஆகியவற்றைப் பூவுக்குப் பூ கணக்கிட்டு உழவர்கள் எடுத்த முடிவுகள் தனித்தனியே நியாயமானவை. ஒன்றுசேர்ந்தபோது அவை நெல்வயலைச் சுருக்கின. வயலை நம்பியிருந்த குளங்களும் கால்வாய்களும் கவனிப்பை இழந்தன. ஒவ்வொரு சுழற்சியிலும் சரியாக நடப்பவரும் மொத்தத்தில் வழி தவறக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஆகவே, பன்னிரண்டு வாரத் திட்டம் செயலுக்கான கருவி. திசையைத் தீர்மானிக்கும் கருவியன்று. இதைக் கையாள விரும்புவோர் ஐந்து அல்லது பத்து ஆண்டு நோக்கம் ஒன்றை முதலில் வகுத்து, அதன் ஒரு பகுதியை மட்டும் இதற்கு ஒப்படைக்க வேண்டும். பதின்மூன்றாம் வாரத்தில் எவ்வளவு முடிந்தது என்பதோடு, முடித்தது அந்த நோக்கத்துக்கு உதவியதா என்பதையும் கேட்க வேண்டும்.