விக்கும் எஞ்சின்
குமரிக் கடற்கரை வீட்டு முற்றத்தில், மரச்சட்டத்தில் மாட்டித் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கிய அவுட்போர்டு எஞ்சினின் கோளாறைக் கண்டுபிடிப்பது முதலில் காதின் வேலை. இரண்டு சிலிண்டரும் சேர்ந்து எரிந்தால் சத்தம் ஒரே சீராக ஓடும். ஒன்று சோர்ந்தால் இடையிடையே விக்கல் விழும், கைப்பிடி நடுங்கும். எது சோர்ந்தது என்று காணும் விதம் அழகானது: ரப்பர் உறையிட்ட குறடால் பிளக் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். வெளியே எடுத்த பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். ஈரக் கருப்பு என்றால் எரிபொருள் எரியாமல் தேங்குகிறது.

அடுத்து எரிபொருளைச் சோதிக்க வேண்டும்: பெட்ரோலைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சற்று வைத்தால், கலந்திருந்த தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். ஆனால் பெரும்பாலும் குற்றம் கார்புரேட்டரில்தான். தலைமுடி நுழையும் அளவே துளையுள்ள பித்தளை ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்து, வாயால் அல்லாமல் காற்றுப் பம்பால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்க்கும் அந்தப் பொறுமை போற்றத்தக்கது. அவசரப்பட்டுக் கம்பியால் குத்தினால் துளை அகலும், பெட்ரோல்-காற்றுக் கலவையின் அளவே கெடும். மறுபக்கம் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தபின்தான் ஜெட் திரும்ப ஏறும். கயிற்றை இழுத்து எஞ்சின் பிடித்ததும், பக்கவாட்டுத் துளையில் குளிர்விக்கும் நீர் தடையின்றிப் பீய்ச்சுகிறதா என்று பார்ப்பது கடைசி வேலை.