முதல் பத்து நிமிடத்தைப் பாருங்கள்

காலை ஐந்தரை மணிக்கு, ஸ்ரீபெரும்புதூர் ஆலை வட்டாரத்தின் சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நிற்கும். ஏ ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஏறி உட்கார்ந்ததும் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். மீதிப் பேர் போனை எடுப்பார்கள். ஒருவர் கையில் லூடோ. பக்கத்து சீட்டில் மிட்டாய் உடைக்கும் ஆட்டம். பின் வரிசையில் இரண்டு பேர் சேர்ந்து துப்பாக்கிச் சண்டை. பல ஆலைகளில் போனை லாக்கரில் வைத்த பிறகே லைனுக்குள் போக முடியும் என்பதால், பஸ்ஸில் கழியும் முக்கால் மணி நேரம்தான் ஆட்டத்துக்கு. 2024 ஆகஸ்டில் இதே வட்டாரத்து வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அங்கேயும் குளித்து, சாப்பிட்டு, ஊருக்குப் போன் பேசி முடித்த பிறகு கையில் மிஞ்சும் நேரம் கொஞ்சம்தான்.

இப்படி விளையாடுகிறவர்கள் எந்த ஆட்டத்தையும் கடைசிவரை முடிப்பதில்லை. இந்த வாரம் ஒன்று, சலித்தால் அடுத்த வாரம் வேறொன்று. இதை அரைகுறை என்று சொல்வோர் உண்டு. ஆனால் ஒன்றும் தெரியாத கை தெரிந்த கையாக மாறும் நேரம்தான் எந்த ஆட்டத்திலும் சுவை மிகுந்த பகுதி. அது இவர்களுக்கே அடிக்கடி வாய்க்கிறது. அமெரிக்க ஆட்ட வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டர் 2004இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி வாதிட்டது இதைத்தான்: மூளை ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்துப் பழகிக்கொள்ளும்போது வருவதே விளையாட்டின் இன்பம். ஆகவே புது ஆட்டம் ஒன்றைத் திறந்ததும் ஜெயிப்பதில் மட்டும் கண்ணாக இருக்காமல், அது எதை, எப்படிச் சொல்லித் தருகிறது என்று கவனிப்பவருக்கு இரட்டை லாபம்.

இந்த வட்டாரத்துக்கு மிக நெருங்கிய ஆட்டத்திலிருந்து தொடங்கலாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கே தயாரான போன்கள் கோடிக்கணக்கில் வெளியே போயின. நோக்கியா என்றதும் அந்தத் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது பாம்பு ஆட்டம். 1997இல் நோக்கியா 6110 போனுக்காக டனேலி ஆர்மன்டோ என்ற பொறியாளர் எழுதியது அது. விளக்கக் குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. புள்ளியைத் தின்றால் வாலில் ஒரு கட்டம் கூடும், தன் உடம்பிலேயே முட்டினால் ஆட்டம் முடியும். இரண்டு முறை செத்தாலே இவ்வளவும் புரிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் நிஜப் பாடம். புதிதாக ஆடுகிறவர் புள்ளியைத் துரத்துவார். பாம்பு திரையில் பாதியளவு வளர்ந்ததும், இடிக்கும் சுவரைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று உறைக்கும். அன்றிலிருந்து அவர் துரத்துவதை விட்டுவிட்டு இடத்தை மிச்சம் பிடிக்கத் தொடங்குவார். ஏர் ஓட்டுகிறவர் சால் மேல் சால் போடுவதுபோலக் கடைசிவரை போய்த் திரும்பி, அடுத்த வரிசையில் ஒட்டியே வருவார். யாரும் சொல்லித் தராமல் ஆயிரக்கணக்கானோர் தனித்தனியாக இதே வழியைக் கண்டுபிடித்தார்கள் என்பது எவ்வளவு அழகான விஷயம்! பாம்பு ஆட்டம் இப்போதும் போன்களில் கிடைக்கிறது. வேகத்தைக் குறைத்து வைத்து ஆடிப் பாருங்கள். மனம் துரத்தலிலிருந்து திட்டத்துக்கு மாறும் அந்தக் கணத்தைக் கையோடு பிடித்துவிடலாம்.

இந்த வித்தையை இன்னும் நுட்பமாகச் செய்தது ஜப்பானின் நின்டெண்டோ. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ், தொண்ணூறுகளில் நம் ஊர் டிவி கேம் கேசட் வழியாகத் தெருவுக்குத் தெரு பரவியது. அதன் முதல் கட்டத்தை மட்டும் நிதானமாக ஆடிப் பார்ப்பது ஒரு நல்ல பயிற்சி. மரியோ திரையின் இடது ஓரம் நிற்கிறான். வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. சொல்லாமலே வலப்பக்கம் நடக்கிறோம். ஒரு காளான் பூதம் எதிரே வருகிறது. தொட்டால் சாவு, அதனால் குதிக்கத் தெரிந்துவிடுகிறது. அடுத்து, கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் வேறொரு காளான் வெளியே வரும். இது நல்ல காளான் என்று புதியவருக்குத் தெரியாது; அவர் ஓடப் பார்ப்பார். அது வலப்பக்கம் உருண்டு போய்க் குழாயில் மோதித் திரும்பி அவரை நோக்கியே வரும். தாண்டலாம் என்றால் தலைக்கு மேல் செங்கல் தட்டும். கடைசியில் அது மேலே பட்டு மரியோ பெரியவனாகிவிடுவான். இதையெல்லாம் வேண்டுமென்றே இப்படி அமைத்ததாக மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ பின்னாளில் விளக்கியிருக்கிறார். அரை நிமிடத்துக்குள் இத்தனை பாடம், ஒரு வார்த்தை இல்லாமல்.

ஒரகடம் ஆலைகளில் வேலை பார்ப்பவருக்கு இது வேறொன்றை நினைவூட்டும். அதுவும் ஜப்பானிலிருந்து வந்ததுதான்: போகா-யோகே. பாகத்தைத் தலைகீழாக மாட்டவே முடியாதபடி ஜிக்கை அமைப்பது, ஒரு போல்ட் விட்டுப்போனால் லைன் நகராதபடி செய்வது. இதை முறைப்படுத்தியவர் ஷிகெயோ ஷிங்கோ. 1961இல் ஒரு ஸ்விட்ச் தொழிற்சாலையில், இரண்டு ஸ்பிரிங்குகளை மாட்டும் வேலையில் ஒன்றை மறந்துவிடும் பிரச்சினை இருந்தது. முதலில் இரண்டையும் ஒரு சின்னத் தட்டில் எடுத்து வையுங்கள் என்றார் அவர். வேலை முடிந்தும் தட்டில் ஸ்பிரிங் கிடந்தால் தவறு கண்ணில் பட்டுவிடும். தொடக்கத்தில் இந்த முறைக்கு ‘முட்டாள் தடுப்பு’ என்ற பொருளில் பாகா-யோகே என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டதால், ‘தவறு தடுப்பு’ என்ற பொருளில் பெயரை மாற்றினார்கள்.

லைனில் தவறு நடக்கவே கூடாது. அங்கே அது ஸ்கிராப், மறுவேலை, சில நேரம் விரல். ஆட்டத்தில் தவறு நடந்தே ஆக வேண்டும். அதற்கு விலை மட்டும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஒரு ஸ்டேஷனில் பிசகில்லாமல் நின்ற கைக்கு, பிசகுவதற்கென்றே ஓரிடம் கிடைப்பது சாதாரண ஆறுதல் இல்லை. எனவே புது ஆட்டத்தில் முதல் முறை தோற்றதும் முகம் சுளிக்காமல் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஏன் தோற்றோம் என்று அந்த ஆட்டம் காட்டியதா? மறுபடி தொடங்க எத்தனை நொடி ஆயிற்று? இரண்டிலும் தேறினால் அது நல்ல ஆசிரியர்.

ஃபின்லாந்துக்காரர்கள் 2012இல் வெளியிட்ட ஹில் கிளைம்ப் ரேசிங் இரண்டிலும் தேறும். இருப்பது இரண்டே பெடல், ஆக்சிலரேட்டரும் பிரேக்கும். மேட்டில் வண்டி எகிறிக் கவிழ்ந்து ஓட்டுநரின் தலை தரையில் மோதும். மறு நொடி தொடங்கிய இடத்தில் நிற்கலாம். சக்கரம் காற்றில் இருக்கும்போதும் பெடல்கள் வேலை செய்யும், ஒன்று மூக்கைத் தூக்கும், மற்றது தாழ்த்தும் என்பது பத்தாவது தடவை கவிழும்போது விரலுக்குப் புரிந்திருக்கும். வாயால் கேட்டால் விளக்கத் தெரியாது.

ஏற்கெனவே தெரிந்ததைக் கொண்டே கற்க வைக்கும் ஆட்டமும் ஒன்று உண்டு. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 1988இல் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கும். விட்டுப்போன படியை நாம் ஊகிக்க வேண்டும். முதல் புதிர் இட்லி. வேற்று நாட்டவர்கள் தட்டுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கி யோசிக்கும் இடத்தில், நம் வீட்டுச் சமையலறையில் ஒரு நாளாவது நின்றவர் ஆவி எப்படி மேலே ஏற வேண்டும் என்று உடனே பிடித்துவிடுவார். 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. கம்ப்யூட்டரிலோ கன்சோலிலோ ஆடலாம், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வார விடுமுறையில் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆடுவது உத்தமம்.

பின் வரிசைத் துப்பாக்கிச் சண்டைக்கு வருவோம். 2020 செப்டம்பரில் பப்ஜி தடைபட்ட பிறகு, 2021இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியப் பதிப்பு வந்தது. பெரிய வரைபடத்தில் நூறு பேர் குதிக்கிறார்கள், பாதுகாப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பொழுதுபோக்குக்கு ஆடுகிறவருக்கு இதுதான் கடினமான பள்ளி. இங்கே சாவு சீக்கிரம் வரும், காரணம் தெரியாது, அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் பாடத்தை ஆட்டத்திடம் கேட்காமல் கூட ஆடுகிறவரிடம் கேட்க வேண்டும். “அண்ணே, ஓடாதீங்க, காலடிச் சத்தம் கேக்குது, உக்காருங்க” என்று நேற்று சேர்ந்த அப்ரண்டிஸ் பையன் சொல்ல, பத்து வருட சீனியர் மறுபேச்சில்லாமல் குனிந்து உட்கார்வார். லைனில் யார் யாருக்குச் சொல்லித் தந்தார்களோ, அந்த வரிசை பஸ்ஸில் தலைகீழாகிறது. முதல் சில ஆட்டங்களில் சுடாமல், ஹெட்செட்டில் சத்தத்தை மட்டும் கேட்டு ஆடிப் பாருங்கள். எங்கிருந்து சுடுகிறார்கள் என்று காது சொல்லத் தொடங்கும்போது அந்த வரைபடமே வேறொன்றாகத் தெரியும்.

கேண்டி க்ரஷ் போன்றவற்றில் ஒரு எச்சரிக்கை தேவை. ஆரம்பக் கட்டங்களில் ஒவ்வொரு புதுத் தடையையும் அது அழகாகப் பழக்கித் தரும். பிறகு ஐந்து உயிரும் தீரும். ஓர் உயிர் திரும்ப முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு. கையில் புதிதாக எதுவும் சேராமல் காத்திருப்பு மட்டும் சேர்கிறது என்று தோன்றினால் அங்கே இறங்கிவிடலாம். பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா இந்தப் பேச்சிலேயே சேராது. அங்கே ஒவ்வொரு தவறுக்கும் சம்பளத்திலிருந்து விலை போகிறது. அவற்றை 2025இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டே தடுத்தது.

கார் ரேஸ் ஆட்டத்தை ரசிக்க இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு பலருக்கும் இல்லாத வசதி உண்டு. பல போன் ஆட்டங்களில் பிரேக் தானாகவே விழும். அதுவும் ஒரு போகா-யோகேதான். செட்டிங்ஸில் அந்த உதவியை அணைத்துவிட்டால் முதல் வளைவிலேயே கார் புல்லில் போய் விழும். எங்கே பிரேக் போடுவது? பதில் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. 1990இல் மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்ற பெயரில் திறந்த பந்தயத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். தேசியப் போட்டி நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், நீண்ட நேர்பாதை முடியும் இடம் தெரிகிற மாதிரி நில்லுங்கள். கார்களைப் பார்க்காமல் கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தை மட்டும் கேளுங்கள். நாம் நினைப்பதைவிட வெகு முன்னதாகவே சத்தம் இறங்கும், கொஞ்ச நேரம் தாழ்ந்தே இருக்கும், வளைவு முடிவதற்குள் மறுபடி ஏறத் தொடங்கும். மறுநாள் பஸ்ஸில் அந்தச் சத்தத்தை மனதில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து கட்டைவிரலை எடுத்துப் பாருங்கள்.