கொண்டுகூட்டும் கைகள்: ரசிகர், உரையாசிரியர், உடைமையாளர்

1

ஒரு காலி டியோடரண்ட் டப்பாவிலிருந்து தொடங்கலாம். 1987இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி 'வார்ஹாமர் 40,000' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. மேசைமேல் குட்டிக் குட்டிப் போர்வீரர் உருவங்களை நகர்த்தி ஆடுவது. ஆட்டம் பாதிதான், மறுபாதி கதை: பேரரசு, அதை ஆளும் செத்தும் சாகாத சக்கரவர்த்தி, அசுரக் கூட்டங்கள், துரோகங்கள். கிட்டத்தட்ட ஒரு புராணம். 'ஹோரஸ் ஹெரெஸி' என்ற ஒரு நாவல் வரிசை மட்டுமே 2006இல் தொடங்கி ஐம்பது புத்தகங்களைத் தாண்டியது.

ஆட்டம் வந்த புதிதில் கதையில் வரும் எல்லா வண்டிகளுக்கும் கம்பெனியிடம் பொம்மை இல்லை. என்ன செய்தார்கள்? காலி டியோடரண்ட் டப்பாவை எடுத்து, உதிரிப் பாகங்களை ஒட்டி, வர்ணம் அடித்து, போர் வண்டி ஒன்றைச் செய்துகொள்வது எப்படி என்று கம்பெனியே தன் வெளியீடுகளில் வாசகருக்குச் சொல்லிக்கொடுத்தது. குப்பைக்குப் போகவேண்டிய டப்பா ஒரு கற்பனை உலகத்துக்குள் நுழைந்தது. இன்று அதே கம்பெனி எதை யார் செய்யலாம், செய்யக்கூடாது என்று விதிகள் எழுதி வைத்திருக்கிறது. டியோடரண்ட் டப்பாவுக்கும் இந்த விதிகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

'பொம்மை செய்யுறாங்க, இதுல விமர்சகனுக்கு என்ன வேலை?' என்று கேட்கலாம். இருக்கிறது. 'ஆசிரியன் இறந்துவிட்டான், இனி வாசகனே பிரதியை உற்பத்தி செய்கிறான்' என்று ரோலான் பார்த்தைச் சாட்சிக்கு அழைத்து நம் பத்திரிகைகள் எத்தனையோ பக்கங்கள் எழுதிவிட்டன. ஆனால் 'உற்பத்தி' என்ற சொல்லை நாம் உருவகமாகவே வைத்துக்கொண்டோம். உண்மையிலேயே கத்தியும் பசையும் மாவுமாக உட்கார்ந்து பிரதியை உற்பத்தி செய்கிற வாசகரைப் பார்த்ததும் 'ரசிகன்' என்று ஒதுக்கிவிட்டோம். ரசிகன் என்றால் நமக்கு விசிலடிப்பவன், கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுபவன். அந்த ஏளனத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அவர் கையைப் பார்ப்போம்.

2

உருவத்தின் உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். விரலில் ஏறத்தாழ ஒரு கணு அளவு. தலையும் கையும் உடம்பின் அளவுக்குப் பொருந்தாமல் சற்றுப் பெரிதாகவே இருக்கும், இல்லாவிட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு முகமே தெரியாது. கடையில் வாங்கிய உருவம் திருப்தி தராதபோது ரசிகர் எபாக்சி மாவை எடுக்கிறார். நீலமும் மஞ்சளுமாக இரண்டு பட்டைகளாக வரும், பிசைந்தால் பச்சையாகும். கருவியை ஈரப்படுத்திக்கொள்ளாவிட்டால் மாவு அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் மடிப்பு, ரோமம், தழும்பு எல்லாவற்றையும் இழைத்துவிட வேண்டும். அப்புறம் இறுகிவிடும், மாற்ற முடியாது.

இன்னொரு முறையும் உண்டு. ஒரு பெட்டியிலிருந்து காலை எடுத்து, இன்னொன்றிலிருந்து உடலை எடுத்து, மூன்றாவதிலிருந்து தலையை எடுத்து ஒட்டுவது. ரசிகர்கள் இதை 'கிட்பாஷ்' என்கிறார்கள். தமிழ் படித்தவனுக்கு இதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று கொண்டுகூட்டு. செய்யுளில் எங்கெங்கோ கிடக்கும் சொற்களை எடுத்துவந்து, பொருள் பொருந்தும் இடத்தில் கூட்டிப் படிப்பது. பத்துப்பாட்டில் நச்சினார்க்கினியர் செய்த வேலை இதுதான். எங்கோ இருக்கும் அடியைப் பெயர்த்து வேறெங்கோ பொருத்துவார். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இந்தப் போக்கைக் கடிந்துகொண்டார். பாட்டை அது இருக்கிற ஒழுங்கிலேயே படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இருவரில் யார் சரி என்பது இங்கே பிரச்சினையில்லை. நச்சினார்க்கினியர் படித்த விதம் தவறு என்றுதான் அடிகள் வாதாடினார். 'உமக்கு அனுமதி கொடுத்தது யார்?' என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கே அங்கே இடமில்லை.

ரசிகரைப் பற்றி மேற்கில் எழுதியவர்கள் வேறொரு உருவகத்தைப் பிடித்தார்கள். மிஷெல் து செர்த்தோ வாசிப்பை அடுத்தவன் நிலத்தில் புகுந்து வேட்டையாடுவதற்கு ஒப்பிட்டார். ஹென்றி ஜென்கின்ஸ் அதை எடுத்து 1992இல் தொலைக்காட்சித் தொடர் ரசிகர்களைப் பற்றிய தன் புத்தகத்துக்குத் தலைப்பிலேயே வைத்தார். ரசிகர் திருட்டு வேட்டைக்காரர். கேட்க வீரமாக இருக்கிறது. ரசிகரை மந்தபுத்திக்காரராகப் பார்த்த காலத்தில் அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் வேட்டைக்காரன் திருடன் என்றால், காடு ஜமீனுக்குச் சொந்தம் என்பதை நாமே ஒப்புக்கொண்டதாகிறது. புகழ்வதுபோலப் புகழ்ந்து பட்டாவை அவர்கள் பெயருக்கே எழுதிக்கொடுத்துவிடுகிறது இந்த உருவகம். திருவள்ளுவரின் நிலத்தில் பரிமேலழகர் திருட்டு வேட்டையாடினார் என்று யாராவது சொல்வோமா? உரையாசிரியர் வேலி தாண்டியவர் அல்ல. பிரதி இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டுகிறவர். கைவேலை செய்யும் ரசிகரை அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் கட்சி. புத்தகம் ஒரு கோட்டையை இரண்டு வரியில் சொல்லி நகர்ந்துவிடும். அட்டையை வெட்டி அதைச் செய்ய உட்கார்ந்தவருக்கோ ஜன்னல் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கிருந்து வரும், காவல்காரன் எங்கே தூங்குவான் என்று எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். இதைவிட நெருக்கமான வாசிப்பு எது?

3

ஆனால் இந்த உரையாசிரியருக்கு நேர்ந்தது வேறு. நச்சினார்க்கினியருக்கு வராத சோதனை: வக்கீல் நோட்டீஸ்.

இதற்கு ஒரு வம்ச வரலாறு இருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் டோல்கீனின் ஹாபிட்டுகள் பெயரோடு நடமாடினார்கள். 1977இல் டோல்கீன் படைப்புகளின் வணிக உரிமையை வைத்திருந்த தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்ததும் ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனார், என்ட் 'டிரியன்ட்' ஆனார். உருவம் அப்படியே இருந்தது, பெயர் மட்டும் போனது. 1983இல் வந்த முதல் 'வார்ஹாமர்' ஆட்டமும் இதே ஊற்றில் குடித்ததுதான். '40,000'இல் விண்வெளிக்குப் போன எல்ஃப் இனத்துக்கு வைத்த பெயர் 'எல்டார்'. டோல்கீன் தன் எல்ஃபுகளுக்கு வைத்த பெயர் அது. பின்னாளில் கம்பெனி அதை 'ஏல்டாரி' என்று திருத்திக்கொண்டது. இரவல் வாங்கியதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கதைகள் அப்படித்தான் வளர்கின்றன. இரவல் வாங்கிக் கட்டிய வீட்டுக்கு வேலி போடும்போதுதான் சிக்கல்.

2010 டிசம்பரில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் சிகாகோவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் சாப்டர்ஹவுஸ் ஸ்டுடியோஸ் என்ற சிறிய நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. அந்த உருவங்களுக்குப் பொருத்தக்கூடிய தோள்கவசம், தலை போன்ற கூடுதல் பாகங்களைச் செய்து விற்றவர்கள் அவர்கள். 2013 ஜூனில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. கம்பெனிக்குச் சில குற்றச்சாட்டுகளில் வெற்றி, 25,000 டாலர் இழப்பீடு. பலவற்றில் தோல்வி.

தீர்ப்பைவிட அதன் பின் நடந்தது முக்கியம். 2010இல் வந்த 'டைரனிட்' என்ற அரக்கப் பூச்சி இனத்துக்கான விதிப்புத்தகத்தில், வானத்திலிருந்து அவற்றைச் சுமந்துகொண்டு விழும் ஒரு கூடு இருந்தது. எழுத்தில் இருந்தது, ஆட்டத்தில் இருந்தது, ஆனால் கம்பெனி அதற்குப் பொம்மை விற்கவில்லை. ஆகவே ஆளாளுக்குத் தாங்களே செய்துகொண்டார்கள். 2014இல் வந்த புதிய புத்தகத்தில் அந்தக் கூடு இல்லை. அந்த வருஷக் கடைசியிலேயே அதே வேலையைச் செய்யும் ஒரு ஜந்து வேறு பெயரில், பெட்டியில் அடைத்த பிளாஸ்டிக் பொம்மையாகக் கடைக்கு வந்தது. வழக்குக்குப் பிறகு, பொம்மை இல்லாத ஜீவனுக்குப் புத்தகத்தில் இடமில்லை என்பதே பொது வழக்கமாயிற்று.

பிரதியில் உள்ள இடைவெளியில்தான் வாசகன் வேலை செய்கிறான் என்கிறது வாசிப்புக் கோட்பாடு. இங்கே நடந்தது அந்த இடைவெளியையே அடைக்கும் வேலை. எழுத்து முதலில், உருவம் அப்புறம் என்ற ஒழுங்கு தலைகீழானது. அச்சில் வார்க்கப்பட்டது எதுவோ அதுவே எழுதப்படும். கதை விலைப்பட்டியலின் அடிக்குறிப்பாகிறது. ஆசிரியன் இறந்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாம் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஆசிரியன் செத்தான், சொந்தக்காரன் சாகவில்லை. ஆசிரியனுக்காவது மரணம் உண்டு, கம்பெனிக்கு அதுவும் கிடையாது. அதோடு, சொந்தக்காரன் என்பவன் செய்தவனும் அல்ல. சம்பளத்துக்கு வேலை செய்யும் சிற்பி வேலையின் பகுதியாகச் செதுக்கிய உருவத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், முதலாளிக்கே என்கிறது இங்கிலாந்தின் 1988ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம். கம்பெனிக்குள் இருக்கும் கைக்கும் வெளியில் இருக்கும் கைக்கும் நிலைமை ஒன்றுதான்.

4

ரசிகரைப் புனிதராக்கிவிட்டேன் என்று தோழர்கள் சொல்லக்கூடும். இல்லை. இந்த ஆட்டத்தின் பேரரசு ஒரு பாசிச அரசு. எள்ளலாக ஆரம்பித்தது. ஆனால் எள்ளலை நேராகவே எடுத்துக்கொண்டு நேசித்தவர்களும் உண்டு. 2021இல் ஸ்பெயினில் நடந்த ஒரு போட்டிக்கு ஒருவர் நாஜி அடையாளங்களோடு வந்து உட்கார்ந்தார். அதையொட்டிக் கம்பெனியே மறுப்பறிக்கை விட வேண்டியிருந்தது. கையால் செய்தது என்பதாலேயே எதுவும் முற்போக்காகிவிடாது. பச்சை மாவுக்கு அரசியல் கிடையாது, பிசைகிற விரலுக்கு உண்டு.

அதே விரல்கள் வேறொன்றும் செய்தன. கதையின்படி 'ஸ்பேஸ் மரீன்' வீரர்கள் ஆண்கள் மட்டுமே. சில ரசிகர்கள் அந்தக் கவசத்தின்மேல் பெண் தலையைச் செதுக்கி ஒட்டினார்கள். ஒரு கத்திக்கீறல், ஒரு சொட்டுப் பசை, அவ்வளவுதான். இதற்கு வந்த வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல. வசைபாடியவர்களும் ரசிகர்களே. 'புத்தகத்தில் அப்படி இல்லை' என்பது அவர்கள் வாதம். பிறகு 2024 ஏப்ரலில் சக்கரவர்த்தியின் மெய்க்காவல் படையில் பெண்கள் எப்போதுமே இருந்திருக்கிறார்கள் என்று கம்பெனி அறிவித்தது. அதற்கு முன் அப்படியொருவரைக் கதையில் யாரும் பார்த்ததில்லை.

அந்த அறிவிப்பு நல்லதே. ஆனால் அதிகாரம் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பெண் தலை ஒட்டிய ரசிகருக்குக் கத்தி வேண்டும், நேரம் வேண்டும், வசவைத் தாங்கும் நெஞ்சும் வேண்டும். இருந்தும் அது 'அதிகாரபூர்வம்' அல்ல. சொந்தக்காரனுக்கு 'எப்போதுமே இருந்தது' என்ற ஒரு வாக்கியம் போதும், கடந்தகாலமே மாறிவிடும். வாசகர் செய்தால் பிழை, உடைமையாளர் செய்தால் வரலாறு. இதை நாம் வேறு இடங்களிலும் பார்த்ததில்லையா?

5

இங்கிலாந்தில் கதை இப்படிப் போக, ஜப்பானில் இதே சிக்கலுக்கு வேறொரு வழி கண்டார்கள். அனிமே, மாங்கா கதைகளின் பாத்திரங்களை வீட்டிலேயே செதுக்கி, சிலிகோன் அச்செடுத்து, ரெசின் ஊற்றி வார்க்கும் 'கராஜ் கிட்' பழக்கம் அங்கே 1980களில் பரவியது. கம்பெனிகள் கவனிக்காமல் விட்ட பாத்திரங்களை ரசிகர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். அவர்களுக்கான சந்தையாக 1985இல் ஜெனரல் புராடக்ட்ஸ் என்ற சின்னக் குழு 'வொண்டர் ஃபெஸ்டிவல்' விழாவைத் தொடங்கியது. 1992இல் கையோடோ அதை ஏற்றது. ஒசாகா வட்டாரத்தில் சிறிய மாடல் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. வருஷத்துக்கு இரண்டு முறை, 2009 முதல் சிபாவில் உள்ள மகுஹாரி மெஸ்ஸே அரங்கத்தில்.

அங்கே ஒரு ஏற்பாடு: 'அன்றைய உரிமை'. செய்பவர் விழாவுக்கு முன்பே அமைப்பாளர் மூலம் உரிமையாளரிடம் விண்ணப்பிப்பார். மாதிரியைக் காட்டுவார். சம்மதம் கிடைத்தால் அந்த ஒரு நாள், அந்த ஒரு அரங்கத்தில் மட்டும், சொன்ன எண்ணிக்கைக்குள் விற்கலாம். விழா முடிந்தால் உரிமையும் முடிந்தது. நாளைக்கு அதே பொம்மையை விற்றால் சட்டமீறல்.

எனக்கு இதில் இரண்டு மனசு. ஒரு பக்கம், இது மரியாதையான ஏற்பாடு. வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்பவரைத் திருடர் என்று விரட்டாமல் எதிரில் உட்காரவைத்துப் பேசுகிறது. சிலிகோன் அச்சும் சில பத்து வார்ப்புகளில் கிழிந்துவிடும். பொருளின் ஆயுளும் உரிமையின் ஆயுளும் கிட்டத்தட்டப் பொருந்திப்போகின்றன. இன்னொரு பக்கம், மற்ற நாளெல்லாம் பூட்டியிருக்கும் கதவு ஒரு நாள் திறப்பதற்கு நன்றி சொல்லப் பழக்குகிறது. மறுக்கும் உரிமை முழுசாக உரிமையாளர் கையிலேயே இருக்கிறது. திருவிழா அன்றைக்கு மட்டும் கோயிலுக்குள் விட்டால் அதற்குப் பேர் உரிமையா? நம் ஊரில் இதற்கான பதில் நமக்குத் தெரியும்.

ஆனாலும் அந்த ஒரு நாள் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. விற்றது யாராக இருந்தாலும் கதை படித்தவர்களிடமும் இருக்கிறது, அவர்கள் கைவழியாகவும் வளர்கிறது என்பதை உடைமையாளரின் கையெழுத்தோடேயே ஒப்புக்கொள்கிறது. அங்கிருந்து வாதத்தை முன்னே தள்ள வேண்டும். ஒரு நாள் சரி என்றால் இரண்டாம் நாள் ஏன் தப்பு? விற்கக்கூடாது என்றால் செய்து காட்டலாமா? காட்டலாம் என்றால் மாற்றிச் செய்யலாமா? பெண் தலை ஒட்டலாமா?

எழுதுகிற நாமும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கதையை ஒருவர் பிரித்து, வேறொன்றின் காலோடு நம் தலையை ஒட்டி, நமக்குப் பிடிக்காத நிறம் பூசிக் கொண்டுவந்து நீட்டினால் நம் முதல் வார்த்தை என்னவாக இருக்கும்? 'தப்பாப் படிச்சிட்டீங்க' என்றால் அது மறைமலையடிகளின் வழி. சண்டை போடலாம், சண்டை இலக்கியத்துக்கு நல்லது. 'யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?' என்று நம் வாயில் வந்தால், செத்ததாக நாம் அறிவித்த ஆசிரியன் சாகவே இல்லை என்றுதான் அர்த்தம். அவன் உடைமையாளனாக வேஷம் மாற்றிக்கொண்டு நமக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.