பாஸ்டரம்மா என்பவர் யார்?

என் சித்தி மகள் தென்னிந்தியத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்துக்கு அவள் பொறுப்பேற்ற முதல் ஞாயிறு நானும் போயிருந்தேன். வெள்ளை அங்கியோடு கோயில் வாசலில் நின்றவளை ஒரு பெரியவர் கும்பிட்டார். "தோத்திரம் பாஸ்டரம்மா" என்றவர், அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஐயரு வரலியா?"

பெரியவரிடம் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. அவர் கையிலிருந்த சொல் அதுதான். பாஸ்டரம்மா என்றால் பாஸ்டரின் மனைவி. பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துவதும், துக்க வீட்டுக்கு முதலில் போவதும் பெரும்பாலும் அவர்தான். வேலை அவருடையது, பெயர் கணவர் வழியாக வந்தது. பெண்ணே பாஸ்டராகி வரும்போது அவளுக்குரிய சொல்லில் ஏற்கெனவே வேறொரு பெண் குடியிருக்கிறாள். பெண் போதகரின் கணவருக்கோ தமிழில் பட்டப்பெயரே கிடையாது. யாரும் அவரைப் 'பாஸ்டரையா' என்பதில்லை.

சபைச் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். மொத்தச் சபைக்கும் பெண் உருவம்: கிறிஸ்துவின் மணவாட்டி, தாய்த் திருச்சபை. ஆனால் அதற்குள் அதிகாரமுள்ள ஆளைக் குறிக்கும்போது தந்தை, ஐயர் என்று ஆண் பெயர்கள். கத்தோலிக்க வழக்கில் ஊர்ச் சபைக்குப் 'பங்கு' என்று பெயர். எவ்வளவு அழகான சொல்! பங்குமக்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. பங்குத்தந்தையாகும் பங்கு மட்டும் பெண்ணுக்கு இல்லை. குருவை அவர் செய்யும் பணியால் அழைக்கிறோம். துறவறப் பெண்களைக் 'கன்னியர்' என்று உடலால் அழைக்கிறோம். அவர்கள் நடத்தும் பள்ளியும் மருத்துவமனையும் அந்தச் சொல்லில் எங்கே இருக்கின்றன?

'சபை' என்று நாம் பெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல் 'எக்லேசியா'. ஏதென்ஸில் அது குடிமக்கள் கூடி முடிவெடுத்த மன்றம். பெண்களுக்கு அங்கே இடமில்லை. பவுல் எழுதிய நிருபங்களின் சபைகளில் பெண்கள் இருந்தார்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம் பெபேயாளைப் பரிந்துரைத்துத்தான் தொடங்குகிறது. கெங்கிரேயா சபையின் 'தியாகோனோஸ்' அவள். அதே கிரேக்கச் சொல் பிலிப்பியரில் வரும்போது நம் பழைய மொழிபெயர்ப்பு 'உதவிக்காரர்' என்கிறது. அது ஒரு பதவி. பெபேயாளுக்கு வரும்போது 'ஊழியக்காரி' என்கிறது. பவுல் தன்னையும் ஊழியக்காரன் என்றே சொல்வதால் அதில் இழிவில்லை. ஆனால் பதவியின் பெயர் அவளுக்குக் கிடைக்காமல் போனது.

சொற்கள் மாறாதவை அல்ல. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், பழைய 'சகோதரரே' என்ற விளியைப் பல இடங்களில் 'சகோதர சகோதரிகளே' என்றாக்கியது. தென்னிந்தியத் திருச்சபை 1970களில் பெண்களுக்குக் குருப்பட்டம் தரத் தொடங்கியது. 2013இல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயரானார். ஒரு சபையின் சட்டம் மாறிப் பல பத்தாண்டுகள் ஆகியும் வாசலில் நிற்கும் பெரியவரின் நாக்குக்கு அது வந்து சேரவில்லை.

இத்தனைக்கும் தமிழ் இலக்கணம் நம் பக்கம் நிற்கிறது. போதகர், ஆயர், குருவானவர் என்பவற்றில் வரும் 'அர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பலர்பால் விகுதி. மரியாதையும் அதிலேயே இருக்கிறது. ஆசிரியர், மருத்துவர், கவிஞர் என்று நாம் பெண்களைத் தயங்காமல் அழைக்கிறோம். ஆக, கதவு திறந்தே இருக்கிறது. 'அம்மா' என்ற ஒட்டைச் சேர்த்து நாம்தான் அதைச் சாத்துகிறோம். அம்மா என்று அழைப்பதில் அன்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பு பட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது பெண் மறுபடி ஒருவரின் மனைவியாகிறாள்.

அன்று என் தங்கை பெரியவரைத் திருத்தவில்லை. "நான்தான் ஐயா வந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பீடத்தில் நின்றாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அதே பெரியவர் பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "புது போதகர் நல்லாப் பேசுதாங்க." அந்த வாக்கியத்தில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒரு போதகர் இருந்தார்.